மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போன சிறுவன்

1939ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலை எழுதினார். அப்போது அவருக்கு வயது எண்பதை ஒட்டி. அதற்குள் பத்திரிகை நடத்தியிருந்தார், தென்னாப்பிரிக்கா போய்த் திரும்பியிருந்தார், சென்னை சட்டசபையில் பொதுவழி, பொதுக்கிணறு உரிமைக்காகத் தீர்மானம் கொண்டு வந்திருந்தார், லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்திருந்தார். திவான் பகதூர் பட்டமும் வந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு, அந்த மெல்லிய புத்தகத்தில் அவர் தம் பள்ளிக்கூட நாட்களுக்குத் திரும்பிப் போகிறார்.

கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் சுமார் 400 பிள்ளைகள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். யாரிடமாவது சிநேகமானால் சாதி என்ன, குடும்பம் எது, வீடு எங்கே என்று கேட்பார்கள், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அந்தச் சிறுவனுக்குப் பயம். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவான். பள்ளி விட்டதும் மற்ற பிள்ளைகள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவான். கூட விளையாட முடியவில்லையே என்று தனியாக இருந்து கலங்குவான்.

இந்தப் பகுதியை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம், கூட்டங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். ஒரு விஷயத்தைக் கவனிக்காமலே தாண்டிப் போவதுண்டு. இந்தப் பகுதியில் அவரை யாரும் எதுவும் திட்டவில்லை. வசைச்சொல் எதுவும் இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்ற பயம் மட்டுமே இருக்கிறது. அது ஒரு சிறுவனின் நடையின் வேகத்தையே மாற்றிவிட்டது. அறுபது ஆண்டு கழித்தும், பட்டங்கள் வாங்கிய பிறகும், அந்த வேகம் அவருக்கு நினைவிருக்கிறது.

எங்கள் ஊர் மணவூர். திருவாலங்காட்டுக்கு அடுத்த ரயில் நிலையம், திருத்தணிப் பக்கம். இங்கிருந்து படிக்கவும் வேலைக்கும் சென்னைக்குப் போகிறவர்கள் அரக்கோணம் மின்சார ரயிலில்தான் போகிறோம். போக வரச் சில மணி நேரம். நான்கு நாள் ஒரே பெட்டியில் ஏறினால் பழக்கமாகிவிடும். "எந்தூருப்பா?" "மணவூருங்க." இது வரை ஒன்றுமில்லை. அடுத்த கேள்வி வரும்: "மணவூர்ல எங்க?" சிலர் இன்னும் பச்சையாக, "ஊர்லயா, காலனியிலயா?" என்பார்கள். கல்லூரி முடித்து, போட்டித் தேர்வு எழுதி, அரசு வேலையில் இருக்கும் எங்கள் அண்ணன்மார்களே இந்த இரண்டாவது கேள்விக்கு ஆளுக்கொரு உபாயம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் "ஸ்டேஷன் பக்கம்" என்பார். ஒருவர் போன் வந்ததுபோல் எழுந்து கதவோரம் போவார். ஒருவர் "திருத்தணி" என்று ஊரையே மாற்றிவிட்டார், அங்கே தெருப் பெயர் கேட்டாலும் சமாளிக்கலாம் என்று. முப்பது, நாற்பது வயது ஆட்கள். அவர்கள் கால்களில் நடப்பது கோயம்புத்தூர்ச் சிறுவனின் நடைதான்.

சிறுவயதில் கேட்ட சுடுசொல் வளர்ந்த பிறகும் உறுத்தும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். மனநல ஆலோசகர்கள் பேசுகிறார்கள், யூடியூபில் பேசுகிறார்கள். "முட்டாள்", "கறுப்பி", "உருப்படமாட்டாய்" என்று அப்பாவோ வாத்தியாரோ சொன்னது உள்ளே தங்கிவிடும், அதை எடுத்துப் போடுங்கள், சொன்னவரை மன்னியுங்கள் என்கிறார்கள். சரிதான், அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் நமக்கு விழுந்த சொல் கோபத்தில் ஒருவர் வாய் தவறிச் சொன்னது கிடையாது. அதைச் சொன்னவர் கண்டுபிடித்ததும் கிடையாது. அவருக்கு முன்பே ஊர், பதிவேடு, கல்வெட்டு எல்லாம் அதைச் சொல்லி வைத்திருந்தன. ஒருவரை மன்னித்துவிட்டால் தீர்ந்துவிடும் என்றால் யாரை மன்னிப்பது?

கல்வெட்டு என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சோழர் காலப் பெருமை உண்டு. இது மணவிற்கோட்டத்து மணவில், குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாக இருந்த மணவில் கூத்தன் இந்த மண்ணின் ஆள், பக்கத்துத் திருவாலங்காட்டில் ராஜேந்திரன் செப்பேடு கிடைத்தது என்பார்கள். எல்லாம் உண்மை. அதே சோழர்களில் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிய கல்வெட்டில், ஊர் ஊராக வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ரெவின்யூ கணக்கு அது. ரயிலில் கேட்கும் இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு வயது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அந்தச் சொல் பல நேரம் நம்மைப் பார்த்துச் சொல்லப்படுவதே இல்லை. நம் எதிரில் நம் நைனாவைப் பார்த்து, ஆயாவைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. பாமா 'கருக்கு' நூலில் (1992) இதை எழுதியிருக்கிறார். நாயக்கர் வீட்டுப் பொடிப் பிள்ளைகள் அவருடைய பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை ஏவும், பாட்டியோ அந்தப் பிள்ளையை அய்யா என்று அழைத்துக்கொண்டு ஓடும். பார்த்துக்கொண்டிருக்கும் பேத்திக்கு அங்கே கிடைக்கும் பாடம் எந்த வசவையும் விடப் பெரியது. நம்மைத் திட்டினால் திருப்பித் திட்டலாம். பெற்றவர்கள் தலை குனிந்து சிரித்துக்கொண்டே "சரிங்க சாமி" என்று சொல்வதைப் பார்த்த பிள்ளை யாரைத் திட்டும்? நம்மில் பலருக்கு நைனா மேல் இருக்கும் காரணம் தெரியாத கோபம் இங்கேதான் தொடங்கியது என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதன் உச்சம் கேரளத்தில், பழைய திருவிதாங்கூரில் நடந்தது. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மடீர் 1871இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிந்திருக்கிறார். புலையர் ஒருவர் மேல்சாதியாரிடம் 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியேன்' என்றே சொல்ல வேண்டும். தன் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, கரிக்காடி என்று சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோதான் சொல்ல வேண்டும். யோசித்துப் பாருங்கள். பிள்ளையை இழிவுபடுத்தும் சொல்லை அதன் தாய் தகப்பன் வாயிலேயே வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, அப்பா என்னைக் குரங்கு என்று சொன்னார் என்று ஆலோசகரிடம் போனால் அவர் என்ன சொல்வார்? இன்றைக்கும் நம் வீடுகளில் பிள்ளைகளிடம் "நமக்கு எதுக்குடா இதெல்லாம்", "அவங்களோட போட்டி போடாதே", "சத்தமா சிரிக்காதே" என்று சொல்கிறார்களே, அவை அந்தப் பழைய கட்டாயத்தின் மிச்சம். அம்மாக்கள் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அடி விழாமல் பிள்ளையைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

சீனிவாசனின் சகோதரியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். மைத்துனர்கள் இருவரும் இந்தச் சொல்லோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார்கள். இருவரும் கண்ட வழி வேறு வேறு.

அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள், சாதி பேதமற்ற திராவிடர்கள், இழிபெயர் பகைவர்கள் பின்னால் சூட்டியது என்பது அவர் வாதம். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். அவர் எழுத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. இந்த இழிபெயர் எப்படிப் பரவியது என்று சொல்லும்போது அவர் அரசர்களைத் தேடிப் போகவில்லை. மைனாவிலும் பருந்திலும் பாம்பிலும் நாயிலும் தேடினார். பறைமைனா, பாப்பார மைனா என்று, பறைநாய், பாப்பார நாய் என்று பிராணிகளுக்குக் கூடச் சாதி ஒட்டிப் பேசிப் பேசியே அந்தச் சொல்லை ஊர் வாயில் நிலைநிறுத்தினார்கள் என்றார். எவ்வளவு நுட்பம் பாருங்கள். பிள்ளைகள் முதலில் கற்பது பறவை, பிராணி பெயர்தானே. நாய்க்கு முன்னால் வைத்த சொல்லை நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு முன்னால் வைக்கப் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. (ஆங்கிலமும் இதே நாயை 'பரையா டாக்' என்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. உலகம் ஒதுக்கிவைத்த நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று இன்றைக்கும் பெரிய பத்திரிகைகள் கூசாமல் எழுதுகின்றன. ஊரைத் தாண்டி நகரக் கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைக்கு அகராதியில் அது மறுபடி காத்திருக்கிறது.)

சீனிவாசன் நேர் எதிராகப் போனார். 1893 அக்டோபரில் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'பறையன்' என்று பெயர். நான்கு பக்கம், இரண்டணா. ஏழு வருஷம் நடத்தினார். அந்தப் பெயருக்குரியவன் நான்தான் என்று ஒருவன் முன்வந்து சொல்லாவிட்டால் உரிமை கேட்க அவனுக்கு வாய் இருக்காது, ஒளிந்து ஒளிந்தே ஏழையாகக் கிடப்பான் என்பது அவர் நியாயம். இதைச் சொன்னது யார் என்று மறந்துவிடக் கூடாது. சாதி தெரிந்துவிடும் என்று மணி அடிக்கும் வரை வெளியே உட்கார்ந்திருந்த அதே ஆள். மறைத்து வாழ்வது எப்படி இருக்கும் என்று உடம்பால் அறிந்தவர். சின்ன வயதில் எந்தச் சொல்லுக்குப் பயந்து ஓடினாரோ அதையே அச்சில் ஏற்றிக் கடைக்கு அனுப்பினார்.

இருவரில் யார் சரி என்று மாணவர் வட்டங்களில் இன்னும் வாதம் நடக்கிறது. எங்களுக்கு அயோத்திதாசரின் ஆராய்ச்சி பெரிது. ஆனால் அந்த மின்சார ரயிலில் கைகொடுப்பது சீனிவாசன் வழி என்றே தோன்றுகிறது. பெயரை மாற்றிச் சொன்னவர்கள் அடுத்த கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.

அதற்காகப் பெயர் மாற்றும் போராட்டம் வீண் என்று சொல்ல மாட்டோம். 1917இல் விஜயவாடாவில் பாக்கியரெட்டி வர்மா தலைமையில் கூடிய மாநாடு 'பஞ்சமர்' என்ற பெயரை விட்டு 'ஆதி ஆந்திரர்' என்று சொல்லிக்கொண்டது. 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டசபையில் கொண்டு வந்த தீர்மானத்தால் அரசு ஆவணங்களில் பழைய பெயர்கள் போய் ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் வந்தது. எங்கள் திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்ததால் இந்த இரண்டு பெயரும் எங்கள் உறவுக்குள்ளேயே உண்டு. காந்தி 'ஹரிஜன்' என்றபோது அது நாங்கள் கேட்ட பெயர் இல்லை என்று 1938இல் பம்பாய் சட்டசபையிலிருந்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்பு செய்தார்கள். 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. காலனி என்ற சொல்லும் ஒரு காலத்தில் சேரிக்குப் பதிலாக வந்த மரியாதைச் சொல்தான். ஆதி திராவிடரும் அப்படி வந்ததுதான், இன்று பள்ளி மைதானத்தில் அதைச் சுருக்கி 'ஏடி' என்று கேலி செய்கிறார்கள். 'எஸ்சி' என்ற சட்டச் சொல்லையே பத்து வயதுப் பிள்ளை வசவாகப் பயன்படுத்துகிறது. புதுத் துணியைப் பழைய அழுக்குத் தொட்டியில் முக்கியது போல ஒவ்வொரு சொல்லும் கறை பிடிக்கிறது. அப்படியும் நாம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொல் கறை பிடிக்க முப்பது வருஷம் ஆகும் என்றால், முப்பது வருஷத்துப் பிள்ளைகள் பதிவேட்டிலாவது அதைக் கேட்காமல் வளர்வார்கள்.

கேட்டால் என்ன ஆகும் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். உலக வங்கியின் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குத் தாளில் வரைந்த சிக்கல் பாதைப் புதிர்களைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். எத்தனை தீர்க்கிறார்களோ அதற்குத் தக்க காசு. சாதி பேச்சே இல்லாமல் செய்தபோது தலித் சிறுவர்களும் மேல்சாதிச் சிறுவர்களும் ஏறக்குறைய சமம். பிறகு வேறொரு குழுவில், தொடங்கும் முன் ஒவ்வொருவருடைய பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் எதிரிலும் வாசித்தார்கள். திட்டவில்லை, அடிக்கவில்லை. வாசித்தார்கள், அவ்வளவுதான். தலித் சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. 2004இல் வெளியான இந்த ஆய்வை ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் பாடமாகவே வைக்கலாம். ஸ்காலர்ஷிப் படிவத்துக்காக வகுப்பில் "எஸ்சி பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்லும் ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பரீட்சை அன்றைக்கும் சொல்கிறார்கள்.

அம்பேத்கரின் குழந்தைப் பருவமும் ஒரு ரயில் நிலையத்தில்தான் உடைந்தது. 1901 வாக்கில், சுமார் ஒன்பது வயதில், அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டு மசூர் நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை. ஸ்டேஷன் மாஸ்டர் பரிவாக விசாரித்தார். யார் பிள்ளைகள் என்று கேட்டதும், மறைக்க வேண்டும் என்றே தெரியாமல், "மகார்" என்றார்கள். அவர் முகம் மாறிப்போய்த் தம் அறைக்குள் போய்விட்டார். பிறகு இரட்டை வாடகைக்கு ஒரு வண்டி கிடைத்தது, மாட்டைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போனார்கள், இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, வெளிநாட்டுப் பட்டங்களோடு, 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பின்னால் வெளியான குறிப்புகளில் அதை எழுதுகிறார். வண்டி வாடகை முதற்கொண்டு எழுதுகிறார்.

ஓம்பிரகாஷ் வால்மீகி 'ஜூட்டன்' நூலில் (1997), வகுப்பில் உட்கார விடாமல் தன்னைப் பள்ளிக்கூடம் பெருக்க வைத்த தலைமையாசிரியர் சாதியைச் சொல்லிக் கத்தியதை எழுதினார். கே.ஏ. குணசேகரன் தம் தன்வரலாற்றுக்கு 'வடு' என்றே பெயர் வைத்தார், 2005இல். இவர்கள் எல்லோரும் புகழ் பெற்ற பிறகு எழுதியவர்கள். மறந்துவிட்டு முன்னேறு என்ற அறிவுரையை யாரும் கேட்கவில்லை. ஊர், வருஷம், ஆள், என்ன சொன்னார் என்று சாட்சி சொல்வது போல எழுதி வைத்தார்கள். உள்ளே இருந்தவரை அது அவமானம். எழுதிய பிறகு சான்று.

சட்டத்தில் நமக்கு 1955இலிருந்து தீண்டாமைக்கு எதிரான சட்டம் இருக்கிறது, 1989இலிருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னால் அது பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது? அது காவல் நிலையம் போகாது, வீட்டிலும் சொல்லாது. சொன்னால் நைனா பள்ளிக்கூடம் வந்து கைகட்டி நிற்பாரே என்று யோசிக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வகுப்புத் தோழர்களாலேயே ஒரு தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து 'ஆதி திராவிடர் நல', 'கள்ளர் சீரமைப்பு' போன்ற அடைமொழிகளை எடுக்கச் சொன்னது. மாணவர்களின் சாதி விவரம் வகுப்பில் வெளிப்படக் கூடாது என்றது. எழுந்து நிற்கச் சொல்லும் அந்த ஒரு பழக்கத்தை நிறுத்த அரசாணைகூட வேண்டாம், ஒரு தலைமையாசிரியர் போதும்.

நாங்கள் மணவூரில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். பெரியவர்களிடம் போய், சின்ன வயதில் கேட்ட எந்தச் சொல் இன்னும் நினைவிருக்கிறது என்று கேட்டு எழுதுகிறோம். "அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பத்து நிமிஷத்தில் எந்த மாதம், எந்த மரத்தடி, அன்றைக்கு என்ன சட்டை என்பது வரை வரும். எழுபது தாண்டிய ஒரு ஆயா இரண்டாம் வகுப்பு வரை படித்தவர். வாத்தியார் அவர் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லையாம், அவர்கள் உட்கார்ந்த பக்கத்தையே சாதிப் பெயரால்தான் கூப்பிடுவாராம். தன் முழுப் பெயரை வெளியார் ஒருவர் சொல்லி முதலில் கேட்டது பிரசவ ஆஸ்பத்திரியில், நர்ஸம்மா சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டபோது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் படுத்திருந்தாராம்.

அந்த வாத்தியார் பெயர் ஆயாவுக்கு நன்றாக நினைவிருந்தது. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தவர், "வேணாம்பா, அவரு கொள்ளுப்பேரன் நம்ம பொண்ணுகூடத்தான் படிக்கிறான்" என்றார்.